அம்மம்மா வளர்க்காத ஆடுகள்

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து மாமி வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றார். மாமா இறந்த பிறகு அவர் தனியாக ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்த அன்றே சூட்கேசைத் திறந்து ஒரு பையை எடுத்து என் கையில் தந்தார். "உன்ரை எழுத்துத்தானே, நீயே வைச்சிரு" என்றார். உள்ளே கடிதங்கள். 1990 ஆவணி தொடக்கம் 1995 புரட்டாதி வரை யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து அம்மம்மா தன் மகனுக்கு அனுப்பியவை, மொத்தம் 38. மாமா ஒன்றையும் எறியவில்லை. எல்லாம் கொப்பி ஒற்றையில், என் கையெழுத்தில், முதல் கடிதங்களில் குண்டு குண்டாகவும் போகப்போகச் சாய்ந்தும்.

அன்றிரவு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமி கேட்டார். "அது சரி பிள்ளை, அந்த ஆடுகளுக்கு என்ன நடந்தது? இடம்பெயரேக்கை அவிட்டு விட்டிட்டுப் போனனீங்களோ? உன்ரை மாமா கடைசி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒருநாளும் ஆடு இருந்ததில்லை.

அம்மம்மா எழுதத் தெரியாதவர் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அந்தக் காலத்தில் அவருடைய எழுத்து மணிமணியாக இருக்கும் என்று அம்மா சொல்லுவார். ஆனால் 1990 அளவில் இரண்டு கண்ணிலும் புரை. பகலில் ஆளை மட்டுக்கட்டுவார், விளக்கு வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம், அடுப்படி, கிணற்றடி என்று நேரமே இல்லை. எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு எழுத்துப்பிழை வராது என்று அம்மம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் ஐந்து வருடம் அவருடைய கையாக இருந்தேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து குசினி வாசலில் பாய் விரித்து இருப்போம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்கட்டைக்குள் கோர்த்த திரி, அதைத் தாங்க ஒரு வளைத்த கம்பி. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் படித்தது அந்த விளக்கில்தான். சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும், காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். வெளிச்சம் ஒரு ஒற்றையின் அகலத்துக்குத்தான் விழும். நான் குனிந்து எழுத எழுத முன்மயிர் பொசுங்கி மணக்கும், அம்மம்மா கையால் என் தலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து சொல்லுவார்.

முதலில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே "சிவமயம்". வலது பக்க மேல் மூலையில் இடமும் திகதியும். பிறகு "அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், உமது சுகத்தையும் அறிய ஆவல்". இது மாறவே மாறாது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு வயிற்றோட்டம், அன்றும் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நான் நிறுத்திப் பார்த்தேன். "என்ன பாக்கிறாய், எழுது" என்றார்.

திகதியை மட்டும் பெரிதாக எழுதச் சொல்லுவார். "கண்ணுக்குத் தெரியிற மாதிரி எழுது. அவன் முதல் அதைத்தான் பாப்பான்." சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. மாமி சொன்ன பிறகுதான் சரியாக விளங்கியது. மாமா கடிதத்தை உடைத்ததும் வேறொன்றையும் வாசிக்க மாட்டாராம், மூலையில் உள்ள திகதியைப் பார்ப்பாராம், பார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருப்பாராம், சப்பாத்தைக் கழற்றுவாராம், பிறகுதான் வாசிப்பாராம். கோண்டாவிலில் ஷெல் விழுந்தது என்று அங்கே வானொலியிலோ ஆட்கள் மூலமோ கேள்விப்பட்ட நாளுக்குப் பிந்திய திகதி கடிதத்தில் இருந்தால் நாங்கள் இருக்கிறோம். அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் ஆறுதலாக வாசிக்கலாம்.

வேறு வழியும் இல்லை. 1990 ஆனியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் திரும்பவும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் போனது, தொலைபேசி செத்தது. எனக்குப் பதினைந்து வயது ஆகும்வரை வீட்டில் ஒரு பல்பு எரிந்து நான் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், சவர்க்காரம், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ரோச்லைற் பற்றரி, பசளை, சீமெந்து, மருந்து என்று அரசாங்கம் தடைசெய்ததும் கட்டுப்படுத்தியதுமான சாமான்களின் பட்டியல் நீளம். பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் இழுத்தடிப்பார்கள். 'உதயன்' பத்திரிகையே கொஞ்சக் காலம் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது, பத்திரிகைத் தாள் இல்லாமல். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோவைப் பாட வைப்பார். இரவு பிபிசி தமிழோசைக்கு அயலில் பத்துப்பேர் எங்கள் முற்றத்தில் கூடிவிடுவார்கள். அப்பாவுக்குக் கை நோகும்போது சுற்று குறையும், செய்தி வாசிக்கிறவரின் குரலும் தேய்ந்து இழுபடும், யாராவது பாய்ந்து போய் மாறிப் பிடிப்பார்கள்.

கடிதம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். தபாலில் போட்டால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் அவசரக் கடிதமெல்லாம் கொழும்புக்குப் போகிற ஆட்களின் கையில்தான் கொடுத்துவிடுவோம். ஆனையிறவுப் பாதை பூட்டு. 1992, 93இல் எல்லோரும் கிளாலிக்குப் போய், இரவில் விளக்கில்லாமல் படகில் கடல்நீரேரியைக் கடந்து, பூநகரிப் பக்கம் இறங்கி, கிளிநொச்சி, வவுனியா என்று போவார்கள். வவுனியாவுக்கு முன் சோதனை, பின் சோதனை. கொழும்பில் லொட்ஜில் நிற்கிற யாராவது முத்திரை ஒட்டிப் போடுவார்கள். கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித்தான் கொடுப்போம், படகில் ஏறும்போது இடுப்பளவு தண்ணீர். ஒரு கடிதம் அப்படியும் நனைந்திருக்கிறது. மடித்த இடத்தில் நீல மை ஊறி, விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வண்ணத்துப்பூச்சி இறகு போல ஒரு கறை. அதற்குள் "அர்ச்சனை" என்ற சொல் மட்டும் தெரிகிறது. மாமாவின் பிறந்த நட்சத்திரத்துக்கு இணுவில் கந்தசுவாமி கோயிலில் மாதாமாதம் செய்விக்கிற அர்ச்சனை.

பையில் 1992 மார்கழிக்கும் 1993 பங்குனிக்கும் இடையில் ஒரு கடிதமும் இல்லை. மாமி அது தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தார். தொலையவில்லை, எழுதவில்லை. 1993 தை 2ஆம் திகதி இரவு கிளாலிக் கடலில் பயணிகள் போன படகுகளைக் கடற்படை தாக்கி நிறையச் சனம் செத்துப்போனது. எங்கள் ஒழுங்கையிலிருந்து அந்தக் கிழமை புறப்படுவதாக இருந்த ஒரு குடும்பத்திடம் அம்மம்மா கடிதம் கொடுத்து வைத்திருந்தார். செய்தி கேட்ட அன்றே என்னை அனுப்பி அதைத் திருப்பி வாங்கினார். அவர்கள் போகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வாங்கினார். "என்ரை கடதாசியைக் கொண்டுபோகவேணும் எண்டதுக்காக ஒருதரும் அந்தக் கடலுக்கை இறங்கக் கூடாது." இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பிடிவாதம். திகதி இல்லாத அந்த மாதங்கள் மாமா எப்படி இருந்தார் என்று மாமியிடம் கேட்டேன். வேலைக்குப் போய் வந்தார், வேறென்ன என்றார்.

சரி, கடிதங்களில் என்னதான் இருக்கிறது? இதைச் சொல்லத்தான் தொடங்கினேன். முதல் தடவை 38ஐயும் ஒரே இருப்பில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மாடு கன்று போட்டது. வெங்காயம் நடவில்லை, டீசல் இல்லாமல் மெசின் இறைக்க முடியாது, பக்கத்துத் தோட்டத்தார் பழைய துலாவைத் திருத்திப் பட்டையால் இறைக்கிறார்கள், நல்ல காலம் அந்தத் துலாவை விறகுக்கு வெட்டவில்லை. சங்கக்கடையில் நிவாரண அரிசி தந்தார்கள், கல்லுக் கூட. இன்னாருக்குக் கலியாணம், மாப்பிள்ளை நல்ல பொடியன், ராசவள்ளிக்கிழங்கு இந்தமுறை பெரிதாக விழுந்திருக்கிறது. வானத்தில் பொம்மர் சுத்தினால் எந்த நேரமும் பதுங்குகுழிக்குள் பாயத் தயாராக இருந்த வீட்டில் உட்கார்ந்து ராசவள்ளிக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறோமே என்று இருந்தது.

இரண்டாம் தடவை வாசித்தபோது எழுத்தைவிட அம்மம்மாவின் குரல் கூடக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் வாய்விட்டுச் சொன்னதும், பிறகு "அதை எழுதாதை" என்று வெட்டியதும் ஞாபகம் வந்தன. சில இடங்களில் வெட்டியதே தெரிகிறது. ஒரு சொல்லைத் தொடங்கி, இறப்பரால் அழித்து, தாள் மெலிந்து, அதன் மேல் வேறு சொல்.

1992இல் ஒரு கடிதத்தில் இருக்கிறது: "உமது பழைய நீலச் சட்டையை மாடு சப்பிப் போட்டுது. கொடியில் காயப்போட்டிருந்தோம். கை ஒன்று இல்லை." வாசிக்கிறவருக்கு இது ஒரு வீட்டுக் கதை. ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து அந்தச் சாற்றில்தான் உடுப்புத் தோய்த்தோம். வெளுக்கும், ஆனால் வாசம் போகாது. மாடு அந்த வாசத்துக்கு வந்து கொடியில் கிடக்கிறதைச் சப்பும். பனம்பழத்தைப் பற்றி எழுத அம்மம்மா விடவில்லை. சவர்க்காரம் இல்லை என்றும் விடவில்லை. மாட்டை மட்டும் விட்டார், ஏனென்றால் அந்தச் சட்டையை மாமா எப்போதாவது கேட்பார், அதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

கணக்கு என்றால் அம்மம்மாவுக்கு உயிர். மாமா உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம், காசு அனுப்புவார். கிடைத்ததும் எதற்கு எவ்வளவு போனது என்று சதம் வரை எழுதுவிப்பார், கிடுகு, என் ரியூசன் காசு, தாத்தாவின் திவசம், மருந்து. அவருக்கு மகன் பனிக்குள் இரவு வேலை செய்து அனுப்புகிற காசு, ஒரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உண்மையான விலையை எழுதினால் அவன் பயந்துவிடுவான், கடன்பட்டு இன்னும் அனுப்புவான். அதனால் மண்ணெண்ணெய் ஒரு போத்தல் வாங்கிய விலையில் பாதியைத்தான் என்னை எழுதச் சொல்லுவார். சீனிக்கும் அப்படி. நாங்கள் அப்போது சீனியை விட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தோம் என்பது வேறு.

பாதி விலை எழுதினால் கணக்கில் காசு மிஞ்சும். மிஞ்சிய காசு எங்கே என்று அவன் கேட்க மாட்டான், ஆனாலும் அம்மம்மாவால் கணக்கை அப்படி விட முடியாது. ஒருநாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினதெண்டு எழுது" என்றார்.

அப்படித்தான் ஆடுகள் வந்தன. முதலில் ஒரு மறி, பெட்டைக்குட்டி. அடுத்த கடிதத்தில் அதற்குக் கொட்டில், கிடுகும் தடியும் கூலியும். அதற்குப் பிறகு அது இரண்டு குட்டி போட்டது. பிண்ணாக்கு விலை. குட்டி ஒன்றுக்குக் கழிச்சல், வைத்தியம். மண்ணெண்ணெய் விலை ஏற ஏற எங்கள் ஆடுகளும் பெருகின. 1995இல் கடிதத்தின்படி எங்களிடம் ஏழு ஆடுகள். மாமா பதிலில் அவற்றுக்குப் பெயர் வைத்து எழுதுவார், வைத்த பெயரை அடுத்த கடிதத்தில் நான் ஞாபகமாக எழுத வேண்டும். எனக்கு உண்மையாகவே அந்த ஆடுகள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கொட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் அன்று இருந்த சிறுமி காட்டியிருப்பாள்.

மழைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கடிதத்தை இந்தப் பக்கத்திலும் பிரித்துப் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்திலும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பெரியவர்களுக்குப் பயம். அதனால் ஷெல்லடியும் குண்டுவீச்சும் எங்கள் வீட்டுக் கடிதத்தில் மழை. "இரண்டு நாளாக மழை, வெளியே போகவில்லை." ஐப்பசி, கார்த்திகையில் எழுதியவற்றில் எது எந்த மழை என்று எனக்கே இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் 1995.07.14 என்று திகதி போட்ட ஒன்று இருக்கிறது. "நவாலி, மானிப்பாய்ப் பக்கம் சரியான மழையாம். எங்கள் வீட்டில் இப்போது 17 பேர். கிணற்றில் தண்ணீர் போதும்." ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் நிலம் வெடித்துக் கிடக்கும், தோட்டக்காரனுக்குப் பிறந்த மாமாவுக்கு அது தெரியாதா. ஆடி 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் இருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த கிழமை அது. எங்கள் வீட்டுக்கு வந்த 17 பேரில் ஒரு அம்மா வந்த நேரம் தொடக்கம் தன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கிணற்றில் தண்ணீர் போதும் என்ற வரி அவர் கிணற்றடியில் நிற்கும்போதுதான் அம்மம்மா சொன்னது.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கடிதங்களை 'நூலகம்' நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கலாமே என்று ஒரு சிநேகிதி சொன்னாள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், துண்டுப்பிரசுரங்கள் என்று அவர்கள் 2005 தொடக்கம் சேர்த்து வைத்திருப்பது எனக்குப் பெரிய மதிப்பு. கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் அப்படியே கொடுத்தால் நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, பொருளாதாரத் தடைக் காலத்தில் கோண்டாவிலில் மண்ணெண்ணெய் விலை இவ்வளவு, ஒரு நடுத்தரக் குடும்பத்திடம் ஏழு ஆடு, 1995 ஆடியில் பருவம் தப்பிய மழை என்று எழுதிவிடுவாள். அவளில் பிழை சொல்ல முடியாது. என் எழுத்தில், திகதியோடு, தெளிவாக இருக்கிறது. அம்மம்மா இல்லை, மாமா இல்லை, எது சொன்னது எது சொல்லாதது என்று தெரிந்த கடைசி ஆள் நான்தான். அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் இன்னொரு ஒற்றை வைத்து, அன்று குசினி வாசலில் நடந்ததை எனக்கு ஞாபகம் உள்ளவரை எழுதிக்கொண்டு வருகிறேன். 11 முடிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கடிதங்கள் இருந்தால், எழுதியவரோ சொல்லி எழுதுவித்தவரோ உயிரோடு இருந்தால், தயவுசெய்து பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

எங்களுக்கு வந்த மாமாவின் கடிதங்கள் ஒன்றும் இல்லை. அம்மம்மா அவற்றைச் சாமியறைப் பெட்டியில் வைத்திருந்தார். 1995 ஐப்பசி 30இல் ஒலிபெருக்கியில் அறிவித்து, கோண்டாவில் அடங்கிய வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பியபோது அரிசி, இரண்டு சட்டி, என் புத்தகப் பை, அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி அப்பா தள்ள, அவ்வளவுதான் கொண்டு போனோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, சாமியறைக் கதவும் இல்லை.

இனி மாமரம். இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

குசினிக்குப் பின்னால் ஒரு கறுத்தக்கொழும்பான் நின்றது. மாமா ஏ.எல். சோதனை எடுத்த வருடம் திருநெல்வேலியிலிருந்து ஒட்டுக் கன்றாகச் சைக்கிளில் கொண்டுவந்து நட்டது. முதல் காய் காய்க்க முன்பே அவர் வெளிநாடு போய்விட்டார், அதன் பழத்தை ஒருநாளும் தின்னவில்லை. அதனால் ஒவ்வொரு வைகாசி, ஆனிக் கடிதத்திலும் மரத்தைப் பற்றி இரண்டு வரி கட்டாயம் இருக்கும், எத்தனை காய், எப்படி ருசி, யார் யாருக்குக் கொடுத்தோம்.

1993 புரட்டாதியில் ஒரு பின்னேரம் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று வளவுக்குள் விழுந்தது. நாங்கள் பதுங்குகுழிக்குள். வெளியே வந்தபோது மரம் பாதியில் முறிந்து குசினிக் கூரை மேல் கிடந்தது. முறிந்த இடம் மஞ்சளாக, ஈரமாக, மாங்காய்ப் பால் மணத்தோடு. பால் வடிந்து அடுப்பங்கல்லில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டிக்கொண்டது, இரண்டு நாளுக்குப் போகவில்லை. மிஞ்சிய அடியும் பிறகு பட்டுப்போனது. அந்த விறகில் நாலு மாதம் சமைத்தோம்.

அந்தக் கிழமைக் கடிதம் பையில் இருக்கிறது. "குசினியைப் புதிதாக மேய்ந்தோம். நல்ல கிடுகு கிடைத்தது." மரம் இல்லை.

அடுத்த ஆனி வந்தது. வழக்கமான இடம் வந்ததும் அம்மம்மா, "கறுத்தக்கொழும்பான் இந்தமுறை நல்ல காய்" என்றார். நான் பேனையை எடுத்துவிட்டேன். ஆடு வேறு. ஆடு யாருக்கும் தெரியாத ஆடு. இது செத்துப்போன மரம். "அம்மம்மா, மரம் இல்லையே" என்றேன்.

"அவன் அங்கை என்னத்தை நினைச்சுக்கொண்டு கிடக்கிறானோ. அவனுக்கு மரம் நிக்கட்டும், எழுது."

எழுதினேன். 94இலும் எழுதினேன், 95இலும் எழுதினேன். 95இல் "அணில் கொறித்ததுபோக 60 காய்" என்று இருக்கிறது. 60 என்ற எண்ணை அம்மம்மா சொல்லவில்லை, அது நானாகப் போட்டது.

இடம்பெயர்ந்த இரவு கோண்டாவிலிலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. பல இலட்சம் சனம் ஒரே தெருவில், ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். உண்மையான மழை, நல்ல மழை. தாகத்துக்குக் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து மழைத்தண்ணி குடித்தோம். மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு ஒதுங்கினோம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் புத்தகப் பையிலிருந்து கொப்பியை எடுக்கச் சொன்னார் அம்மம்மா. கரும்பலகைக்குக் கீழே இருந்து எழுதினேன். பிள்ளையார் சுழி, திகதி, நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மீசாலையில் நிற்கிறோம். வீடு பூட்டியிருக்கிறது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறகு சொன்னார், "மாமரம் போன போன வருசமே முறிஞ்சு போச்செண்டு எழுது. அம்மாவைக் குறை நினைக்கவேண்டாமெண்டு எழுது."

அதை நான் எழுதினேன். அந்த ஒற்றையின் மூலையில் சாம்பல் பட்டிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. கிளாலிக்குப் போன ஒருவரிடம் அப்பா கொடுத்துவிட்டார்.

அந்தக் கடிதம் பையில் இல்லை. இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மாமிக்கும் அப்படி ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை, ஆனால் தபாலை எப்போதும் மாமாதான் எடுப்பாராம்.

1996இல் திரும்பி வந்த பிறகு அம்மாவே கடிதம் எழுதத் தொடங்கினார், நான் ஓ.எல். படிக்கப் போய்விட்டேன். 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. ஆடியில் மாமா வந்தார், பதினைந்து வருடத்துக்குப் பிறகு. வான் வண்டியால் இறங்கி, அம்மம்மாவைக் கட்டிப் பிடித்து அழுது, தேத்தண்ணி குடித்து, அயலார் எல்லோரும் வந்து பார்த்துப் போன பிறகு, மெதுவாக எழுந்து குசினிக்குப் பின்னால் போனார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் நின்ற இடத்தில் வாழை இரண்டு குலை தள்ளி நின்றது. மாமா அதற்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்து கையால் மண்ணைக் கிளறினார், அடிவேர் கொஞ்சம் மேலே தெரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியே குந்திக்கொண்டு இருந்தார்.

அம்மம்மா விறாந்தையில் கதிரையில். கண் அதற்குள் இன்னும் மங்கிவிட்டது, முற்றமே அவருக்கு வெறும் வெளிச்சம்தான். தலையைத் திருப்பிக் காதைக் கொடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"அவன் எங்கை நிக்கிறான் பிள்ளை?"

"கிணத்தடியிலை அம்மம்மா" என்றேன். "கால் கழுவுறார்."